பேசிக்கொண்டே பார்க்க வேண்டிய படங்கள்

மசாலா படத்தைத் தனியாக உட்கார்ந்து பார்க்கிறவர்களை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கும். ராத்திரி பதினொரு மணி, கையில் போன், காதில் ஹெட்செட். கதாநாயகன் இருபது பேரைக் காற்றில் பறக்கவிடுகிறான். பார்க்கிறவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. படம் முடிந்ததும் ‘அரைச்ச மாவையே அரைச்சிருக்காங்க’ என்று இரண்டு வரி எழுதிப் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறார். அவர் சொல்வது சரிதான். ஆனால் அந்தப் படம் அவருக்காக எடுத்தது இல்லை. கூடத்தில் எட்டுப் பேர் உட்கார்ந்து, அதில் இரண்டு பேர் காய் நறுக்கிக்கொண்டும், ஒருவர் குறட்டை விட்டுக்கொண்டும், மிச்சப் பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டும் பார்ப்பதற்காக எடுத்தது.

எங்கள் குடும்பத்தில் இந்தப் பேச்சு இரண்டு மொழியில் நடக்கும். சொந்த ஊர் திருத்தணி. மாநில எல்லையைத் திருத்தி 1960 ஏப்ரலில் ஆந்திரத்திலிருந்து தமிழ்நாட்டோடு சேர்த்த ஊர். என் அத்தையைக் கட்டிக்கொடுத்தது புத்தூரில், அப்போதைய சித்தூர் மாவட்டம். திருப்பதி ரயிலில் ஏறி ஏகாம்பரகுப்பம் தாண்டினால் வந்துவிடும். மாமாவுக்குத் தாய்மொழி தெலுங்கு. தமிழ் நன்றாகப் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் தெலுங்குக்குப் போய்விடுவார். அத்தை பையன் என்னை ‘பாவா’, அதாவது மச்சான், என்றுதான் கூப்பிடுவான், இன்றைக்கும். லீவு விட்டால் அவர்கள் இங்கே, இல்லாவிட்டால் நாங்கள் அங்கே. இங்கே வந்தால் தமிழ்ப் படம், அங்கே போனால் தெலுங்குப் படம்.

இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது என்பது சின்ன வயதிலேயே புரிந்துவிட்டது. இருக்கவும் முடியாது, இரண்டும் ஒரே பட்டறையில் பிறந்தவை. தெலுங்கு சினிமா ஹைதராபாத்துக்குக் குடிபோகும் வரை மெட்ராஸில்தான் இருந்தது. வடபழனியில் விஜயா வாஹினி ஸ்டூடியோவில் ஒரே கதையை இரண்டு மொழியிலும் எடுப்பார்கள். 1957இல் வந்த ‘மாயாபஜார்’ அப்படித்தான். கடோத்கஜனாக வந்து கல்யாணச் சாப்பாட்டை ஒற்றை ஆளாகத் தீர்த்துக்கட்டும் எஸ்.வி. ரங்காராவ் இரண்டிலும் உண்டு. 1964இல் என்.டி. ராமாராவ் இரட்டை வேடத்தில் நடித்த ‘ராமுடு பீமுடு’, மறு வருடமே எம்.ஜி.ஆருக்கு ‘எங்க வீட்டுப் பிள்ளை’ ஆனது. இரண்டையும் இயக்கியவர் தாபி சாணக்யா. இந்தத் தகவல் என் அப்பா உபயம். அவர் ‘இந்தக் குப்பையை எல்லாம் நான் பார்க்கறதில்ல’ என்று சொல்லிக்கொண்டு அதே கூடத்தில் பேப்பரை விரித்து உட்காருவார். கோழை ஒருவன், வீரன் ஒருவன், இடம் மாறிப் போகிறார்கள் என்று எந்தப் படத்தில் வந்தாலும் பேப்பருக்குப் பின்னாலிருந்து தாபி சாணக்யா பெயர் வரும்.

ஃபார்முலா என்றாலே கேலியாகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அறிமுகச் சண்டை, அறிமுகப் பாட்டு, காமெடி, கதாநாயகி, வில்லன், இடைவேளைக்கு ஒரு அதிரடி, ஃபிளாஷ்பேக், சென்டிமென்ட், குத்துப்பாட்டு, கிளைமாக்ஸ். வரிசை எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் இதைக் கதை சொல்லும் முறையாகப் பார்த்தால்தான் அபத்தம். ஒரு வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் ஆளுக்கொரு பங்கு வைக்கிற முறையாகப் பார்த்தால், கல்யாணப் பந்தி மாதிரி, யாரும் வெறும் இலையோடு எழுந்து போகாதபடி யோசித்து வைத்தது தெரியும். சண்டை மாமாவுக்கு. பாட்டு அத்தைக்கு. காமெடி எங்களுக்கு. அம்மா சென்டிமென்ட் ஆயாவுக்கு, அதாவது அப்பாவின் அம்மாவுக்கு. கதையில் உள்ள ஓட்டைகள் அப்பாவுக்கு.

ஆயாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் படம் பார்த்தார் என்பதைவிட, படத்தை வைத்துக்கொண்டு பேசினார் என்பதே பொருத்தம். மூத்த மகன் தாயை வீட்டை விட்டு வெளியே அனுப்பும் காட்சி வரும். ஆயா திரையைப் பார்த்தபடியே, “பெத்தவளை இப்படித்தான் ஒரு மூலையில உட்கார வெப்பானுங்க. வந்தவ சொல்றதுதான் வேதவாக்கு” என்பார். கூடத்தில் இருக்கும் எல்லோருக்கும் ‘வந்தவ’ யார் என்று தெரியும். அம்மா கையிலிருக்கும் அவரைக்காயை விடமாட்டார். நாலைந்து காட்சி கழித்து, மாமியார் மருமகளின் நகையைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும் இடம் வந்ததும், “சில பேர் பெத்த பிள்ளைய கல்யாணம் பண்ணிக் குடுத்த பின்னாலயும் முந்தானையில முடிஞ்சு வெச்சிருப்பாங்க” என்று திரையில் இருக்கும் மாமியாரிடம் அம்மா சொல்வார். அந்த நேரத்தில் மட்டும் அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஒரு காட்சி விடாமல் டிவியைப் பார்ப்பார்.

நேருக்கு நேர் பேசியிருந்தால் அது சண்டை. டிவியைப் பார்த்துச் சொன்னதால் அது அபிப்பிராயம். பத்து நிமிடத்தில் வடிவேலு வந்துவிடுவார், இரண்டு பேரும் சேர்ந்து சிரித்துவிடுவார்கள். நல்ல படங்களில் இதற்கு வழியில்லை. நுணுக்கமாக எடுத்த படத்தில் மாமியாருக்கும் ஒரு நியாயம் இருக்கும், மருமகளுக்கும் ஒரு நியாயம் இருக்கும். ஆயா எதைப் பிடித்துக்கொண்டு பேசுவார்? அப்பட்டமான கெட்ட மாமியார்தான் வேண்டும். முன்பின் அறியாத மாமியாராகவும் இருக்க வேண்டும், அதே சமயம் நம் வீட்டு மாமியாராகவும் இருக்க வேண்டும்.

வீட்டில் சேர்ந்து பார்ப்பது என்று ஆனதற்கு டிவிக்குத்தான் பெரிய பங்கு. 1993இல் சன் டிவி வந்த பிறகு பண்டிகைக்கும் படத்துக்கும் பிரிக்க முடியாத உறவு ஏற்பட்டது. ‘இந்தியத் தொலைக்காட்சிகளில் முதன்முறையாக’ என்று அந்தக் குரல் ஆரம்பித்தாலே தீபாவளி வந்துவிட்டதாக அர்த்தம். விளம்பரத்தைத் திட்டாதவர் இல்லை, ஆனால் வீட்டு வேலை அத்தனையும் விளம்பரத்தில்தான் நடந்தது. சாதம் வடிப்பது, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டவர்கள் ஒவ்வொருவராகப் போய்க் குளித்துவிட்டு வருவது, பக்கத்து வீட்டுக்குப் பலகாரத் தட்டு கொண்டு போவது எல்லாம். போனவர் திரும்பி வந்து “என்ன ஆச்சு?” என்று கேட்டால், இருக்கிறவர் ஒரே வரியில் சொல்லிவிடுவார். “அப்பனைக் கொன்னது வில்லன்தான்னு தெரிஞ்சுபோச்சு.” போதும். அதற்குமேல் அவருக்கு ஒன்றும் தேவையில்லை. கால் மணி நேரம் விட்டுப்போனாலும் ஒட்டிக்கொள்ளும்படி ஒரு கதையைக் கட்டுவது லேசான காரியமில்லை.

காமெடி டிராக்கைத் தனியாக எழுதுவதும் இந்தக் கணக்கில்தான் சேரும். கவுண்டமணி, செந்தில் கூட்டணிக்குப் பல படங்களில் காமெடி எழுதியவர் ஏ. வீரப்பன். 1989இல் வந்த ‘கரகாட்டக்காரன்’ வாழைப்பழமும் அவர் கைவண்ணம்தான். இயக்குநர் ஒரு கதையை ஓட்டிக்கொண்டிருக்க, பக்கத்தில் இன்னொரு குடித்தனம் மாதிரி காமெடி தன்பாட்டுக்கு ஓடும். விமர்சகர்கள் இதைக் குறையாகச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் படத்தின் பெயரே மறந்து காமெடி மட்டும் நின்றுவிட்ட படங்கள் ஏராளம். தெலுங்கில் இதை வேறு மாதிரி செய்தார்கள். இயக்குநர் ஸ்ரீனு வைட்லாவின் படங்களில் கதாநாயகன் வில்லன் வீட்டுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்வான். நடுவில் பிரம்மானந்தம் மாட்டிக்கொண்டு முழிப்பார். 2008இல் வந்த ‘ரெடி’ தமிழில் ‘உத்தமபுத்திரன்’ ஆனபோது அந்த இடத்துக்கு விவேக் வந்தார். எது சிறந்தது என்று எனக்கும் அத்தை பையனுக்கும் இன்னும் தீரவில்லை. விவேக் வாயால் சிரிக்க வைப்பார், பிரம்மானந்தம் வாயைத் திறக்காமலே சிரிக்க வைத்துவிடுவார் என்பது அவன் வாதம். மறுக்க முடியவில்லை என்பதை அவனிடம் நான் சொன்னதில்லை.

தெலுங்குப் படம் எங்கள் பக்கத்தில் டப்பிங்காகவும் வந்தது. ராஜசேகர் நடித்த ‘இதுதாண்டா போலீஸ்’ ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, தமிழ்ப் படம் எடுத்தவர்களே மிரண்டார்கள் என்பார் அப்பா. ‘அம்மன்’ வந்தபோது ஊரில் பெண்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். ஆயா தியேட்டருக்குக் கிளம்பிப் போனதும் அதற்குத்தான். ரம்யா கிருஷ்ணன் அம்மனாக வந்து நின்றதும் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றவர்களைப் பற்றி அத்தை கதை கதையாகச் சொல்வார். உதடு ஒன்று சொல்ல, வார்த்தை ஒன்று வரும். அது யாருக்கும் உறுத்தவில்லை. தெலுங்கு தெரிந்த மாமாவுக்கு மட்டும் உதட்டைப் படித்துவிட்டு, “அவன் அங்க சொன்னது வேற” என்று திருத்தம் போடுகிற வேலை.

புத்தூர் தியேட்டர் வேறு உலகம். அங்கேதான் ராயலசீமா ஃபேக்‌ஷன் படங்களின், அதாவது பரம்பரைக் கோஷ்டிப் பகையை வைத்து எடுத்த படங்களின், காலத்தை நேரில் பார்த்தேன். 1999இல் பாலகிருஷ்ணாவின் ‘சமரசிம்ஹா ரெட்டி’ பெரிய வெற்றி பெற்றதும் அந்த வகைப் படங்கள் வரிசை கட்டின. வெள்ளை வேட்டி சட்டை, முறுக்கிய மீசை, வரிசையாக வரும் சுமோ வண்டிகள், அவை ஒன்றன்பின் ஒன்றாக வெடித்து மேலே எழும்பும் காட்சி. கடந்தகாலத்தை மறைத்துக்கொண்டு எங்கோ அடங்கி ஒடுங்கி வாழும் நாயகன், இடைவேளை வாக்கில் யாரென்று தெரியவரும். நமக்கு இது 1995 ‘பாட்ஷா’விலேயே பழகிப்போன ஏற்பாடுதான். ஆட்டோக்காரர் மாணிக்கத்தைத் தெரிந்தவர்களுக்கு ஹோட்டலில் வேலை பார்க்கும் ரெட்டியை அடையாளம் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? திரைக்கு முன்னால் கிழித்த பேப்பர் மழையாகப் பறக்கும். பின் சீட்டிலிருந்து “ஒரேய், சூடரா!” என்று ஒரு குரல் வரும். யாரைக் கூப்பிட்டார், எதைப் பார்க்கச் சொன்னார் என்றெல்லாம் கேட்கக் கூடாது.

தொடையைத் தட்டினால் வருகிற ரயில் பின்னால் போய்விடும் காட்சி ஒன்று உண்டு. இன்றைக்குச் சின்னச் சின்னத் துண்டுகளாக ஊர் முழுக்கச் சுற்றுகிறது. பார்க்கிறவர்கள் தெலுங்குக்காரர்கள் இதை எல்லாம் நம்பிக் கைதட்டினார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நம்பினவர் யாரும் இல்லை. அந்தத் தியேட்டர்களில் கைதட்டியவர்கள் அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டேதான் கைதட்டினார்கள். நாயகனைக் கொண்டாடுவதும் கிண்டல் செய்வதும் ஒரே விசிலில் நடக்கும். புத்தூர் என்றால் எலும்பு முறிவுக்கு வைத்தியம் செய்கிற ஊர் என்பது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு சண்டை முடிந்ததும் மாமா எண்ணுவார். கை போனவன், கால் போனவன், தோள்பட்டை இறங்கினவன். “இவ்வளவு பேருக்கும் நாளைக்குக் காலைல நம்ம ஊர்லதான் கட்டு. நிக்க இடம் இருக்காது.” ஒவ்வொரு படத்துக்கும் இதே நகைச்சுவைதான். ஒவ்வொரு தடவையும் நாங்கள் சிரிப்போம்.

அந்த மாமாவுக்கே ஒரு வருத்தம் உண்டு. சித்தூரும் ராயலசீமாவில் சேர்ந்ததுதானே? சென்னையிலோ ஹைதராபாத்திலோ யாரிடமாவது ஊர்ப் பெயரைச் சொன்னால், ‘குண்டு எல்லாம் போடுவாங்களாமே’ என்று கேட்பார்களாம். “எங்க ஊர்ல ஜனங்க மாங்கா தோப்பு வெச்சிருக்கான், தறி ஓட்டறான். இவனுங்களுக்கு மட்டும் காபி குடிக்கும்போதும் இடுப்புல கத்தி இருக்கணும்.” எனக்கு அப்போது மதுரை நினைவுக்கு வரும். தமிழ்ப் படத்தில் அரிவாள் வேண்டுமென்றால் மதுரைக்கு டிக்கெட் எடுத்துவிடுவார்கள். கல்லூரியில் என்னோடு படித்த மதுரைப் பையன் ஒருவன், பூச்சியைப் பார்த்தால் கட்டில் மேல் ஏறிக்கொள்வான். முதல் வருடம் முழுக்க அவனிடம் சீனியர்கள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். ஊர்ப் பெயர் செய்த வேலை.

இந்த இரண்டு ஊர்களும் ஒன்றுக்கொன்று ஈடு என்பதற்கு எழுத்துபூர்வமான ஆதாரமே இருக்கிறது. 2003இல் குணசேகர் இயக்கிய ‘ஒக்கடு’, 2004இல் தரணி இயக்கத்தில் ‘கில்லி’ ஆனது. கர்னூல் போய் மதுரை வந்தது. சார்மினார் செட் போய் கலங்கரை விளக்கம் வந்தது. மகேஷ் பாபு இடத்தில் விஜய். கபடி அப்படியே இருந்தது. பிரகாஷ்ராஜும் அப்படியே இருந்தார். இரண்டிலும் அவர்தான் வில்லன். ஒரு விடுமுறையில் புத்தூர் வீட்டில் சிடி போட்டு ஒக்கடு பார்த்தோம், இங்கே வந்ததும் கில்லி. பிரகாஷ்ராஜ் மாறாமல் மற்ற எல்லோரும் மாறிப்போனதைப் பார்த்து அத்தை சொன்னார், “பாவம், இந்தாளு மட்டும் இரண்டு வாட்டி அடி வாங்கறான்.” ஒரு படத்தில் எது கதை, எது ஊர், எது நடிகன் என்று பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல பாடம் எனக்கு எங்கும் கிடைத்ததில்லை. திருமணத்துக்குக் கட்டாயப்படுத்தும் முரடன், அவன் பிடியிலிருந்து பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஓடுகிறவன், மகனைத் திட்டிக்கொண்டே இருக்கும் போலீஸ் அப்பா. எலும்புக்கூடு இவ்வளவுதான். மதுரையும் கர்னூலும் அதன்மேல் போட்ட சதை.

நண்பர்களோடு பார்ப்பது இன்னொரு ரகம். சென்னையில் வாடகை அறையில் தங்கியிருந்த காலத்தில் எங்களுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. படம் போடுவதற்கு முன்னால் ஆளுக்கொரு சீட்டில் எழுதி வைக்க வேண்டும். கதாநாயகி முதலில் வருவது மழையிலா, கோயிலிலா, குழந்தைகளோடா? நாயகனின் நண்பர்களில் சாகப்போவது யார்? போலீஸ் இன்ஸ்பெக்டர் எந்தக் காட்சியில் வில்லன் பக்கம் சாய்வார்? தோற்றவர்தான் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். இதில் சில விதிகள் தப்பவே தப்பாது. தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகி எல்லோரும் சிரித்துக்கொண்டே குடும்பப் பாட்டு பாடினால், பாட்டு முடிந்ததும் சுமோ வரும். நண்பன் ஊரிலிருக்கும் காதலியின் போட்டோவை எடுத்துக் காட்டினால் அவன் இடைவேளையைத் தாண்டமாட்டான். ‘நாளைக்கு எல்லாத்தையும் சொல்றேன்’ என்று போனில் சொல்கிறவனுக்கு நாளை என்பதே கிடையாது.

இந்த விளையாட்டில் ஒரு ஆச்சரியம் உண்டு. சீட்டில் எழுதியது அப்படியே நடக்கும்போது யாரும் சலித்துக்கொள்ளவில்லை, எழுந்து ஆடினோம். 2010இல் சி.எஸ். அமுதனின் ‘தமிழ்ப்படம்’ வந்தபோது நாங்கள் அறையில் செய்துகொண்டிருந்ததை ஒருவர் படமாகவே எடுத்துவிட்டார் என்று தோன்றியது. தியேட்டரில் வயசான ஒருவர் எங்களைவிட முன்னால் சிரித்தார். நாங்கள் சிரித்தது எங்களுக்குத் தெரிந்த படங்களுக்கு. அவர் சிரித்தது அதற்கும் இருபது வருடம் முந்தைய படங்களுக்கு. ஒரு வழக்கத்தைக் கேலி செய்தால் ஊரே சிரிக்க வேண்டும் என்றால், ஊரே அந்த வழக்கத்தில் ஊறியிருக்க வேண்டும்.

இதை எல்லாம் நினைத்து உருகுகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கூடத்தில் உட்கார்ந்து நாங்கள் சிரித்த சிரிப்பில் பாதி, இன்றைக்கு அண்ணன் மகள் பக்கத்தில் உட்கார்ந்தால் தொண்டையில் நிற்கிறது. பள்ளியில் பெரிய வகுப்புப் படிக்கிறாள். பழைய படம் ஒன்று கே டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. நாயகன் காலேஜ் வாசலில் நின்று ஒரு பெண்ணை மறிக்கிறான், அவள் போகச் சொல்கிறாள், அவன் பாடுகிறான், பின்னால் பத்துப் பேர் ஆடுகிறார்கள். “சித்தப்பா, இவளுக்கு எப்ப பிடிக்க ஆரம்பிக்கும்?” என்று கேட்டாள். அடுத்த பாட்டில் என்றேன். விதி அதுதான். “ஏன்?” என்றாள். அதற்கு விதியில் பதில் இல்லை. திமிர் பிடித்த பெண்ணை அறைந்து ‘திருத்துவது’, கருப்பான பெண்ணைக் காட்டி நாயகனின் நண்பன் அலறுவது, குண்டாக இருப்பவரை வரச்சொல்லிப் பின்னணி இசையில் கிண்டல் செய்வது. இவை எல்லாம் யாருடைய பங்காக வைக்கப்பட்டன? வீட்டில் எல்லோருக்கும் ஆளுக்கொரு பங்கு என்று மேலே எழுதினேன். அம்மாவாக, பாட்டியாக இருந்தால் பங்கு உண்டு. பதினைந்து வயசுப் பெண்ணுக்கு அந்தப் படங்களில் அழகான துணிகள்தான் இருந்தன.

அத்தைதான் அவளுக்குப் பதில் சொன்னார். “எங்களுக்கும் பிடிக்காதுதான் கண்ணு. அப்ப எழுந்து போய் அடுப்பைப் பார்ப்போம்.” இத்தனை வருடம் அத்தை எந்தெந்தக் காட்சியில் எழுந்து போனார் என்று நான் கவனித்ததே இல்லை.

இருந்தாலும் என் கட்சி இதுதான். இப்போதைய பெரிய படங்களைப் பார்த்துவிட்டு ‘ஃபார்முலா தாங்கல’ என்கிறார்கள். எனக்கோ ஃபார்முலா போதவில்லை என்று தோன்றுகிறது. பழைய வரிசையிலிருந்து ஒரே ஒரு சரக்கை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், பில்டப்பை. நாயகன் நடந்து வருவது, திரும்பிப் பார்ப்பது, பீடி பற்றவைப்பது, மறுபடியும் நடந்து வருவது. முன்பு படத்துக்கு இரண்டு மூன்று இடத்தில் வந்ததை இப்போது மூன்று மணி நேரத்துக்கு இழுக்கிறார்கள். தங்கையைக் காணோம். காமெடி டிராக் போய்விட்டது. பாட்டு பாதியில் துப்பாக்கிச் சத்தத்தில் முடிகிறது. அம்மா இருந்தால் ஃபிளாஷ்பேக்கில் செத்துப்போவதற்கு மட்டும் வருகிறார். பின்னணி இசை ஒரு நொடி அடங்குவதில்லை, பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை பேச முடியாது. பேச இடமில்லாத படத்தில் ஆயாவுக்கு என்ன வேலை?

1992இல் ‘அண்ணாமலை’யில்தான் அந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து சூப்பர் ஸ்டார் என்று எழுத்தாகும் டைட்டில் கார்டு முதலில் வந்தது. அதற்குப் பின்னால் ஓடும் தேவாவின் இசை கேட்டால் எங்கள் வீட்டில் அடுப்பை அணைத்துவிட்டு வந்துவிடுவார்கள். குழந்தையிலிருந்து கிழவி வரைக்கும் அந்த எழுத்து சேர்வதைப் பார்க்க வேண்டும் என்பது கணக்கு. 2025 ஆகஸ்டில் ‘கூலி’ வந்தபோது அதற்கு ‘ஏ’ சான்றிதழ். தியேட்டருக்குப் பதினெட்டு வயது ஆகாதவர்கள் போக முடியாது. ரஜினி படத்துக்குக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போக முடியாத ஒரு காலம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் ஆயா நம்பியிருக்க மாட்டார். அண்ணன் மகள் வீட்டில் இருந்தாள், அவளுக்குத் துணையாக அண்ணி இருந்தார், குழந்தைகள் இல்லாத படம் எதற்கு என்று அத்தையும் வரவில்லை. கடைசியில் போனது நாங்கள் மூன்று நாலு ஆண்கள் மட்டும்.

எல்லா வயதினரும் பார்க்கலாம் என்கிற ‘யு’ சான்றிதழுக்காக ஒரு காலத்தில் தயாரிப்பாளர்கள் எவ்வளவு மெனக்கெட்டார்கள்! தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி கிடையாது என்று 2006இல் அரசு சொன்னது. பிறகு ‘யு’ வும் வேண்டும் என்று நிபந்தனை சேர்ந்தது. ரத்தத்தைக் கருப்பு வெள்ளையில் காட்டியாவது வாங்கிவிடுவார்கள். வரி மிச்சம் என்பதுதான் நோக்கம், கலை வளர்க்க இல்லை. ஆனாலும் அதன் தயவில் எங்கள் கூடத்துக்குப் படம் வந்துகொண்டிருந்தது. இப்போது கணக்கு மாறிவிட்டது. ஐந்து மொழியில் ஒரே நாளில் வெளியிட வேண்டுமென்றால் எல்லா ஊருக்கும் புரிகிற சரக்காக இருக்க வேண்டும். அடி எல்லா மொழிக்கும் புரியும். காமெடிக்கு ஒவ்வொரு ஊரிலும் ஒரு வீரப்பனைத் தேடிப் போக வேண்டும், தங்கை சென்டிமென்டுக்கு அந்த ஊர்க் கல்யாண வழக்கம் தெரிந்திருக்க வேண்டும். யார் அந்தக் கஷ்டம் எல்லாம் படுவார்கள்?

அதனால்தானோ என்னவோ, பழைய படங்களை மறுபடி தியேட்டரில் போட்டால் கூட்டம் அள்ளுகிறது. தெலுங்கில் 2022இல் மகேஷ் பாபு பிறந்தநாளுக்கு ‘போக்கிரி’யைப் போட்டார்கள், இங்கே 2024 ஏப்ரலில் ‘கில்லி’. அத்தை பையன் சென்னைக்கு வந்திருந்தான், போனோம். பிரகாஷ்ராஜ் வாயைத் திறப்பதற்குள் தியேட்டரே வசனத்தைச் சொல்லி முடித்துவிட்டது. கில்லி வந்தபோது பிறந்தே இருக்காத பையன்கள்கூட ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னார்கள். எனக்கு முன்னால் ஒரு குடும்பம், மூன்று தலைமுறை, பாட்டியம்மா நடுவில். ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் பேத்தியிடம் “இப்ப பாரு” என்றார். பேத்திக்கும் தெரியும், ஆனாலும் “என்ன பாட்டி?” என்று கேட்டாள். என் பக்கத்தில் இருந்தவன் மட்டும் கடைசி வரை, “பாவா, எத்தனை கைதட்டினாலும் சார்மினார் சார்மினார்தான்” என்று முனகிக்கொண்டே இருந்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அறிமுகப் பாட்டு என்றால் எங்களுக்கு எஸ்.பி. பாலசுப்ரமணியம்தான். நெல்லூர்க்காரர், அதனால் மாமா அவரை ‘எங்காளு’ என்பார். அத்தை ‘நம்மாளு’ என்பார். ரஜினி வந்து இறங்கும்போது பின்னால் ஒலிக்கிற குரல் அவருடையது என்பது பல வருடமாக மாறாத ஏற்பாடு. அவர் 2020இல் போய்விட்டார். அடுத்த வருட தீபாவளிக்கு வந்த ‘அண்ணாத்த’யில் அவர் முன்பே பாடி வைத்த அறிமுகப் பாட்டு இருந்தது. திரையில் திருவிழா, பலூன், கலர்ப் பொடி, நூறு பேர் ஆட்டம். தியேட்டரில் எல்லோரும் விசிலடித்துக்கொண்டிருந்தார்கள். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விசிலடித்த பையனைத் திரும்பிப் பார்த்து முறைத்தார். பிறகு கதை ஆரம்பித்ததும், “சரி, இனி பேசலாம்” என்றார்.

ஆயா இப்போது இல்லை. அவர் இடத்தை அம்மா எடுத்துக்கொண்டுவிட்டார், அவரைக்காய் அண்ணி கைக்கு வந்திருக்கிறது. திரையில் மருமகள் கதவைச் சாத்திக்கொண்டு போன் பேசினால் அம்மா ஏதோ சொல்கிறார். அண்ணி பதிலுக்குச் சொல்வதற்கு ஏற்ற காட்சி வரும் வரை காத்திருக்கிறார். அப்பா பேப்பரை மடிக்கிறார். படம் புதிதாக இருந்தால் அப்படிப்பட்ட காட்சி வருவதே இல்லை என்பதால் அண்ணி ரிமோட்டை எடுத்து கே டிவிக்கு மாற்றிவிடுகிறார்.

போன வாரம் மாமா போன் பண்ணினார். பொங்கலுக்கு எல்லோரும் அங்கே வருவதாக ஏற்பாடு. எந்தப் படத்துக்கு டிக்கெட் போடலாம் என்று அவர் பையன் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தான், அத்தனையும் அதிரடி. மாமாவுக்கு அதில் ஒன்றும் திருப்தியில்லை. “அடி உதை இருக்கட்டும்ப்பா, வேணாங்கல. ஆனா அதுல ஒரு தங்கச்சியாவது இருக்குதான்னு விசாரிச்சுச் சொல்லு. போன வாட்டி மூணு மணி நேரம் சுட்டுக்கிட்டே இருந்தான். எல்லாம் துப்பாக்கிக் குண்டு. ஒருத்தனுக்குக்கூட எலும்பு முறியல, எங்க ஊருக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல.”